ஒன்பதரை மாதம், இன்னும் தவழவில்லை: பொறுத்துப் பார்க்கலாமா?

மூன்றாம்மாடி (வெள்ளவத்தை), திங்கள் இரவு 10.52

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் இந்தப் பெற்றோர் இணையக் குழுவில் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், இன்றைக்குத்தான் எழுதத் துணிந்தேன்.

மகனுக்கு இந்த வெள்ளியோடு ஒன்பதரை மாதம். நிறைமாதத்தில் பிறந்தவர், 2.8 கிலோ. இருத்திவிட்டால் பிடி இல்லாமல் வடிவாக இருப்பார். ஆட்களை மட்டுக்கட்டுவார், பெயர் சொன்னால் திரும்புவார், "தத்தத்தா, பப்பப்பா" என்று நாள் முழுக்க ஒரே கதை. தவழ்வது மட்டும் இல்லை. குப்புற விட்டால் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்து இரண்டு நிமிடம் பார்ப்பார், பிறகு அழுகை.

எதிர் வீட்டுப் பிள்ளைக்கு எட்டு மாதம். நேற்று அது தவழ்ந்து வந்து லிஃப்ட் வாசலில் நிற்கிறது! மாமி யாழ்ப்பாணத்தில் இருந்து பின்னேரம் ஆறு மணிக்கு வீடியோ கோல் எடுப்பார். முதல் கேள்வி, "தவழ்ந்திட்டாரோ?" சோதனை முடிவு கேட்கிற மாதிரி. இவர் சொல்கிறார், தானும் தவழவில்லையாம், ஒரேயடியாக எழும்பி நடந்தவராம். தனியாரில் காட்டிய டொக்டர், ஆண் பிள்ளைகள் கொஞ்சம் பிந்தும், வீட்டுக்குப் போங்கள் என்றார். ஒன்பது மாத எம்எம்ஆர் (சின்னமுத்துத் தடுப்பு) ஊசிக்கு கிளினிக் போனபோது கேட்க நினைத்தேன். அன்றைக்குச் சனம். நிறுத்துப் பார்த்து, எடைக்கோடு பச்சையில்தான் போகிறது என்று பிள்ளையின் கிளினிக் கொப்பியைத் தந்துவிட்டார்கள்.

மற்றப்படி ஆள் கெட்டிக்காரர். அம்மப்பா மாதிரி இடக்கையர், எதைக் காட்டினாலும் இடது கையால் பறித்துவிடுவார். மூளை நன்றாக ஓடுகிறது, கால்தான் சோம்பல் போல. உங்கள் பிள்ளைகள் எப்போது தவழ்ந்தார்கள்?


கடலைவண்டி (கல்கிசை), 11.04

தங்கச்சி, என் மூத்தவள் தவழவே இல்லை. இருந்த இடத்தில் இருந்தபடி அரக்கி அரக்கி வீடு முழுக்கப் போய் வந்தாள். அந்த வருடம் எங்களுக்கு மொப் தேவைப்படவில்லை. 15 மாதத்தில் எழும்பி நடந்தாள். இப்போது பாடசாலை வலைப்பந்து அணியில் இருக்கிறாள். நித்திரை கொள்ளுங்கோ.


கணக்குவாத்தி (கொட்டாஞ்சேனை), 11.20

மகள் பிறந்த புதிதில் இரவிரவாக இருந்து இதையெல்லாம் வாசித்தவன் நான். மனைவியே கேட்கமாட்டாள், இங்கே கொட்டிவிடுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 800க்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, எதை எந்த வயதுக்குள் செய்கிறார்கள் என்று 2006இல் ஒரு வீச்சு வெளியிட்டது. பிடி இல்லாமல் இருப்பது 3.8 மாதத்தில் இருந்து 9.2 மாதம் வரை. கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5.2இல் இருந்து 13.5 வரை. ஒன்றையும் பிடிக்காமல் நடப்பது 8.2இல் இருந்து 17.6 வரை. நடையில் மட்டும் முந்தியவருக்கும் பிந்தியவருக்கும் நடுவில் ஒன்பது மாதத்துக்கு மேல் இடைவெளி பாருங்கள். இரண்டு பேரும் சாதாரணப் பிள்ளைகள்தான். அதோடு அந்த ஆய்வில் 4.3 சதவீதம் பிள்ளைகள் கை முழங்கால் ஊன்றித் தவழாமலே அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். கடலைவண்டியின் மகள் அந்தக் கூட்டம்.

இன்னொன்று. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், அதுதான் சிடிசி, 2022 பெப்ரவரியில், பிள்ளை எந்த வயதில் எதைச் செய்யும் என்ற தன் பட்டியலைத் திருத்தியது. முன்பு சராசரிப் பிள்ளை, அதாவது பாதிப் பிள்ளைகள் செய்கிற வயதைப் போட்டிருந்தார்கள். பாதி என்றால் மற்றப் பாதித் தாய்மார் சும்மா கவலைப்படுவார்கள்தானே? இப்போது நூற்றுக்கு 75 பிள்ளைகளாவது செய்துவிடும் வயதைப் போட்டிருக்கிறார்கள். தவழ்வதைப் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டார்கள். எடுத்தது பிழை என்று சண்டை பிடிக்கிற பிசியோக்களும், அதுதான் உடற்பயிற்சி வைத்தியம் செய்பவர்களும், உண்டு, அது வேறு கதை.

ஆக, ஒன்பதரை மாதத்தில் தவழாதது கணக்குப்படி பிந்தியது இல்லை.


இரட்டைவால் (தெஹிவளை), 11.31

வாத்தியார் ஒன்றை விட்டுவிட்டார். என் இரட்டையர் 33 கிழமையில் பிறந்தவர்கள். அவர்களுக்குப் பிறந்த நாளில் இருந்து மாதம் எண்ணக் கூடாது. 40 கிழமைக்கு 7 கிழமை குறைவு, அந்த ஏழைக் கழித்துவிட்டுத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும், இரண்டு வயது வரைக்கும். இது தெரியாமல் முதல் ஆறு மாதம் நான் அழுத அழுகை! ஊசி மட்டும் கழிக்காமல் பிறந்த தேதிப்படிதான். மூன்றாம்மாடிக்கு இது பொருந்தாது, நிறைமாதம் என்கிறீர்கள். வேறு யாராவது குறைமாதப் பிள்ளையோடு வாசிப்பீர்கள் என்றுதான் எழுதினேன்.

உங்கள் வீட்டு நிலம் டைல்ஸா? எங்கள் ஃபிளாட்டில் டைல்ஸ்தான், முழங்கால் வழுக்கி வழுக்கி இருவரும் தவளை மாதிரிக் கிடந்தார்கள். ஊரில் இருந்து ஒரு பன்பாய் கொண்டுவந்து விரித்தேன். பிடி கிடைத்துவிட்டது. விளையாட்டுச் சாமானைக் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள், பக்கத்தில் நீங்களும் குப்புறப் படுங்கள். முதுகு நோகும், அது வேறு.


பழையசிலேட்டு (பம்பலப்பிட்டி), செவ்வாய் காலை 5.40

வயது போனவன், நித்திரை குறைவு, அதனால் காலையிலேயே வந்துவிட்டேன்.

உலக சுகாதார நிறுவனம் அளக்கத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டு முன்பே தமிழில் ஒரு அட்டவணை இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பிள்ளைத்தமிழ் பாடினவர்கள் குழந்தையின் பருவங்களைப் பத்தாகப் பிரித்தார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, மற்றக் காலை நீட்டி, இரண்டு கையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுவது. தாலாட்டுக்குரிய தாலப்பருவம் அதற்குப் பிறகு. ஒன்பதாம் மாதம் சப்பாணி. பதினோராம் மாதம் முத்தம். ஒரு வயதை ஒட்டி வருகைப் பருவம், பிள்ளை தளர்நடை போட்டு வருவது. நிலவைக் காட்டிக் கூப்பிடுகிற அம்புலி ஒன்றரை வயதளவில்.

பத்தில் தவழ்வதற்கென்று தனிப் பருவம் கிடையாது, கவனியுங்கள். அமெரிக்கர்கள் 2022இல் எடுத்ததை நம்மவர் முதலிலேயே சேர்க்கவில்லை. (இதை வைத்துப் பெருமை பேச வரவில்லை. அவர்கள் பாடியது கடவுளரையும் அரசரையும், கிளினிக் கொப்பிக்காக அல்ல.)


கடலைவண்டி, 7.15

ஐயா, சப்பாணி என்றால் காலை மடக்கி நிலத்தில் இருப்பதுதானே? சாப்பிட இருக்கும்போது சப்பாணி கொட்டி இரு என்று அம்மா அதட்டுவார்.


பழையசிலேட்டு, 7.22

அதுவும் உண்டு, மகன். பிள்ளைத்தமிழில் சப்பாணி கொட்டுதல் என்றால் பிள்ளை இருந்தபடி இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தட்டுவது. கை தட்டுகிற பருவம்.


தெமட்டகொடஉம்மா, 8.50

என்னுடைய மகன் எட்டு மாதம் வரை அசையவில்லை. தம்பி ஒரு வாக்கர் கொண்டுவந்து தந்தார், நாலே நாளில் வீடு முழுக்க ஓட்டம். உம்மும்மா சொன்னார், கால் உறுதியாகிறது என்று. நீங்களும் ஒன்று வாங்கிப் பாருங்கள், புறக்கோட்டையில் மலிவாக எடுக்கலாம்.


ஸ்கார்பரோமாமி, 9.30 (எங்களுக்கு இரவு)

ஐயோ வாக்கர் வேண்டாம் பிள்ளை. இங்கே கனடாவில் 2004இல் இருந்து சக்கரம் வைத்த வாக்கரை விற்கவும் தடை, வெளிநாட்டில் இருந்து கொண்டுவரவும் தடை, பழையதைக் கை மாற்றி விற்கவும் தடை. படியில் உருண்டு தலை அடிபட்ட பிள்ளைகள் அவ்வளவு பேர். ஊருக்கு வரும்போது பெட்டிக்குள் ஒன்று வைக்கலாம் என்று தேடி மகளிடம் ஏச்சு வாங்கினவள் நான்.


தெமட்டகொடஉம்மா, 9.48

எங்கள் வீட்டில் படியே இல்லையே மாமி.


இரட்டைவால், 10.05

படி இல்லாவிட்டாலும் சுடுதண்ணீர் ஃபிளாஸ்க் இருக்கும், மேசை விரிப்பு இருக்கும். வாக்கரில் இருக்கிற பிள்ளை ஒரு நொடியில் அந்தப் பக்கம். காலும் உறுதியாவதில்லை. சீட்டில் தொங்கிக்கொண்டு கால்விரல் நுனியால் உந்துகிறார்கள். கால் வேலை செய்கிற மாதிரித் தெரியும், ஆனால் தன் உடம்பைத் தானே தாங்குவதில்லை. நம் ஊர் மர நடைவண்டி வேறு சாதி. அது தானாக எழும்பி நிற்கத் தெரிந்த பிள்ளை பிடித்துத் தள்ளுவது.

உம்மா, கோபிக்க வேண்டாம். நானும் ஒன்று வாங்கி இரண்டு கிழமை வைத்திருந்தவள்தான்.


தெமட்டகொடஉம்மா, 10.11

கோபம் இல்லை தங்கச்சி. அவர் இப்போது ஓ/எல் சோதனை எழுதுகிறார், எனக்கு என்ன கோபம்.


பிளேன்டீ (பொரளை), செவ்வாய் இரவு 9.15

நான் அரச வைத்தியசாலை ஒன்றில் பிசியோ. வேலை முடிந்து இப்போதுதான் இழை முழுவதையும் வாசித்தேன். தவழ்வதைப் பற்றி எல்லோரும் எழுதியது சரி. நான் எழுத வந்தது தவழ்வதைப் பற்றி அல்ல.

மூன்றாம்மாடி, முதல் பதிவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இடக்கையர், எதைக் காட்டினாலும் இடது கையால் பறித்துவிடுவார்." நேற்று இரவில் இருந்து அத்தனை பேரும் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் அந்தக் கையில் நின்றுவிட்டேன்.

ஒரு வயதுக்கு முந்திய பிள்ளைக்கு இடக்கை வலக்கை என்று இருப்பதில்லை. எந்தக் கைக்குக் கிட்ட இருக்கிறதோ அந்தக் கையால் எடுக்கும். இந்தக் கைதான் என்று ஒரு பழக்கம் தெளிவாகத் தெரிவது பொதுவாக ஒன்றரை வயதுக்குப் பிறகு. ஒன்பது மாதத்திலேயே ஒரே கைதான் என்றால், அந்தக் கை கெட்டிக்காரக் கை என்பதை விட, மற்றக் கை ஏன் வரவில்லை என்று பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். காரணம் சாதாரணமாகவும் இருக்கலாம், பிறக்கும்போது தோள் நரம்பு இழுபட்டதாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். இங்கே இருந்து நான் பெயர் வைக்கமாட்டேன், யாரும் வைக்கவும் கூடாது.

நாளைக்கு அவர் சந்தோஷமாக இருக்கிற நேரத்தில் பாருங்கள். நடுவில் இருத்தி, பிடித்தமான ஒன்றை வலது தோளுக்கு நேரே நீட்டுங்கள். வலது கை வருகிறதா, அல்லது உடம்பையே திருப்பி இடது கை வருகிறதா? ஆளுக்கு ஒன்றாக இரண்டு கையிலும் மூடி கொடுத்தால் தட்டுவாரா? வலது கை எந்த நேரமும் பொத்தியபடி, பெருவிரல் உள்ளே போய் இருக்கிறதா? சட்டை போடும்போது ஒரு கை மட்டும் இறுக்கமா? குப்புற விட்டால் ஒரு பக்கமாகச் சரிகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பக்கம்? ஐயா சொன்ன சப்பாணிதான் எனக்கும் வேண்டும்: இரண்டு கையும் சேர்த்துத் தட்டுகிறாரா?


கடலைவண்டி, 9.27

தெரியாமல்தான் கேட்கிறேன், இரவு நேரத்தில் ஒரு கைப்பிள்ளைக்காரியை இப்படிப் பயமுறுத்த வேண்டுமா? என் தம்பியும் இடக்கைதான். பிறந்ததில் இருந்தே என்று அம்மா சொல்லுவார்.


பிளேன்டீ, 9.44

அம்மாக்கள் அப்படித்தான் சொல்லுவார்கள், பிறகு நடந்ததும் முன்பே நடந்த மாதிரி ஞாபகத்தில் இருக்கும். உங்கள் தம்பி இடக்கையாக இருப்பதில் ஒரு பிழையும் இல்லை.

பயமுறுத்தல் பற்றி: எங்கள் பிரிவுக்கு இப்படி வருகிற பிள்ளைகளில் பலர் ஒன்றரை வயது, இரண்டு வயதில்தான் வருகிறார்கள். "நடை நொண்டுகிறது" என்று கொண்டுவருவார்கள். கதையைக் கேட்டால் எட்டு மாதத்திலேயே ஒரு கைதான் வேலை செய்திருக்கும், வீட்டில் "அப்பப்பா மாதிரி" என்று சிரித்திருப்பார்கள். மூளை கூடுதலாக வளைந்து கொடுக்கிற காலம் முதல் இரண்டு வருடம். அதில் ஒரு வருடத்தைச் சும்மா விடுவது எனக்குப் பொறுக்காது. பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றால் என்னை ஏசுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

கணக்குவாத்திக்கு: உங்கள் எண்கள் எல்லாம் சரி, நானும் அவற்றைத்தான் காட்டுவேன். ஆனால் அந்த வீச்சு ஒரு நல்ல பிள்ளை எவ்வளவு முந்தலாம் பிந்தலாம் என்று சொல்லும், அவ்வளவுதான். எந்த மாதம் செய்தது என்பதோடு எப்படிச் செய்கிறது என்பதும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா, உடம்பு விறைப்பா, துவண்டு போகிறதா, மூன்று மாதத்துக்குப் பிறகும் கண் ஆளைப் பின்தொடரவில்லையா. எல்லாவற்றையும் விட, நேற்றுவரை செய்ததை இன்று விட்டுவிட்டதா. அப்படி ஒன்று கைவிட்டுப் போனால் எந்த வயதிலும் பொறுத்திருக்கக் கூடாது.


கணக்குவாத்தி, 9.51

ஒத்துக்கொள்கிறேன். நான் அந்த வரியைக் கவனிக்கவே இல்லை. கேள்வி தவழ்வது என்று வந்தது, நேரே தவழ்வதற்குப் பாய்ந்துவிட்டேன்.


மூன்றாம்மாடி, புதன் பகல் 1.35

பார்த்தேன். காலையில் இவர் வேலைக்குப் போக முன் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம்.

மாரி பிஸ்கட்டை வலப்பக்கம் நீட்டினால் முழு உடம்பையும் திருப்பி இடது கையால் எடுக்கிறார். ஐந்து தரம் நீட்டினோம், ஐந்து தரமும் அப்படித்தான். இடது கையை நான் மெதுவாகப் பிடித்துக்கொண்டு நீட்டினேன், வலது கை எழும்பியது, பொத்திய கையோடு பிஸ்கட்டில் இடித்தது, விரல் விரியவில்லை. பால்மா டின் மூடி இரண்டு கொடுத்தேன். வலது கையில் வைத்தது அப்படியே நழுவி விழுந்தது. இடது மூடியால் தன் தொடையில் தட்டிச் சிரித்தார். சரிவது வலப்பக்கம்.

சட்டை. அதைத்தான் யோசித்துக்கொண்டு இருக்கிறேன். மூன்று நாலு மாதத்தில் இருந்தே வலது கையை நுழைப்பது மல்லுக்கட்டுத்தான். நான் தைத்தவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இவரிடம் சொன்னேன், இவர் ஒன்றும் கதைக்கவில்லை. ஓட்டோவில் போய்க்கொண்டிருக்கும்போது கோல் எடுத்து, நாளைக்கு லீவு போடுகிறேன் என்றார்.


இரட்டைவால், 1.42

நாளைக்கு கிளினிக் நாள் இல்லாவிட்டாலும் உங்கள் பகுதி மிட்வைஃபுக்கு இப்போதே கோல் எடுங்கள். நம்பர் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதியிருப்பார்கள். நிறுக்கிற வரிசையில் நிற்காமல் நேரே எம்ஓஎச் டொக்டரை, அதுதான் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியை, காண வேண்டும் என்று சொல்லுங்கள்.


பிளேன்டீ, 8.20

ஆம். பார்த்ததை இங்கே எழுதிய மாதிரியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "ஐந்து தரம்" என்று எழுதினீர்களே, அதையும். கைபேசியில் ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், டொக்டரின் அறையில் பிள்ளை அழும், ஒன்றும் செய்துகாட்டாது. சட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் ஒரு புலம்பல்: அந்தக் கொப்பியில் எடைக்கோடு போடும் பக்கம் மட்டும் இல்லை. பிள்ளை எப்போது சிரித்தது, எப்போது தலை நின்றது, எப்போது இருந்தது என்று தாய்மார் குறிக்கவும் இடம் இருக்கிறது. நான் பார்க்கிற பத்துக் கொப்பியில் எட்டு அந்த இடத்தில் வெள்ளையாக இருக்கும். பச்சைக் கோட்டைப் பார்த்ததும் மூடிவிடுகிறோம்.


புதுஅப்பா (மட்டக்குளி), வியாழன் காலை 6.30

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் மகளுக்கு பத்தரை மாதம். உடம்பு எல்லாம் முந்தி, சோபாவைப் பிடித்து நடக்கிறாள். ஆனால் பெயர் சொன்னால் திரும்புவதில்லை. நாங்கள் தமிழ், பார்த்துக்கொள்கிற அம்மா சிங்களம், டீவி ஆங்கிலம். மூன்று பாஷையில் குழம்பிவிட்டாள் என்று அக்கா சொல்கிறார். தமிழை மட்டும் கதைக்கவா?


கணக்குவாத்தி, 6.55

இந்த முறை கேள்வியை ஒழுங்காக வாசித்துவிட்டேன். பாஷையை விடுங்கள், கொழும்பில் எத்தனையோ பிள்ளைகள் மூன்று பாஷைக்குள்தான் வளர்கிறார்கள். பல பாஷை கேட்டால் பேச்சு பிந்தும் என்பது கட்டுக்கதை. பெயர் எல்லா பாஷையிலும் ஒன்றுதானே! ஒன்பது மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகள் பெயருக்குத் திரும்புவார்கள். முதலில் காது.


பிளேன்டீ, 7.05

வாத்தியார் சொன்னதேதான். பின்னால் நின்று கை தட்டிப் பார்த்துவிட்டுக் காது கேட்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம், காற்றும் நிழலும் பட்டும் திரும்புவார்கள். பிறந்தபோது செவிப் பரிசோதனை செய்தார்களா என்று டிஸ்சார்ஜ் அட்டையைப் பாருங்கள். செய்திருந்தாலும் திரும்பச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். சிரிப்பைத் திருப்பித் தருகிறாளா, முகத்தைப் பார்க்கிறாளா, கை அசைத்துக் காட்டுகிறாளா என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள்.

டீவியை நிற்பாட்டுங்கள். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. பார்த்துக்கொள்கிற அம்மா சிங்களத்தில் எவ்வளவு கதைத்தாலும் நல்லதுதான்.


ஸ்கார்பரோமாமி, 7.40

மூன்றாம்மாடிப் பிள்ளை எங்கே? போய்வந்தீர்களா?


மூன்றாம்மாடி, மூன்று கிழமை கழித்து, ஞாயிறு இரவு 11.10

எழுத மனம் வரவில்லை, குறை நினைக்க வேண்டாம். தனித் தகவலில் கேட்ட எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எம்ஓஎச் டொக்டர் ஒரு பெண். தாளை வாசித்தார், வீடியோவைப் பார்த்தார், சட்டையைக் கழற்றச் சொன்னார், பதினைந்து நிமிடம் நிலத்தில் பாயில் இருந்து அவரோடு விளையாடினார். எழும்பி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதித் தந்தார். அங்கே காலை ஏழு மணிக்குப் போனால் எங்களுக்கு முன் பெரிய வரிசை. பதுளையில் இருந்து இரவு பஸ்ஸில் வந்தவர்கள் இருந்தார்கள், நாங்கள் வெள்ளவத்தையில் இருந்து போய் முறைப்படக் கூடாது.

நரம்பு டொக்டர் பார்த்தார். வலது கை கொஞ்சம் இறுக்கம், வலது காலிலும் லேசாக இருக்கிறது. நான் சோம்பல் என்று எழுதிய கால். மூளையை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கத் திகதி தந்திருக்கிறார்கள், அடுத்த மாதம். அதுவரை பெயர் எதுவும் சொல்லமாட்டேன் என்றார். பிறக்கும்போதோ அதற்கு முன்போ மூளையின் ஒரு பக்கத்துக்கு இரத்தம் போவது கொஞ்ச நேரம் தடைப்பட்டிருக்கலாம், பார்ப்போம் என்றார். நீங்கள் செய்ததாலோ செய்யாததாலோ வந்தது இல்லை என்றும் இரண்டு தரம் சொன்னார். இரண்டாம் தரம் இவரைப் பார்த்துச் சொன்னார்.

பிசியோ தொடங்கிவிட்டது, வியாழன் தோறும். வீட்டில் எல்லாம் வலப்பக்கம் மாறிவிட்டது. நான் வலப்பக்கம் இருந்து சோறு தீத்துகிறேன், கிலுகிலுப்பை வலப்பக்கம், ஒரு கையால் தூக்க முடியாத பெரிய பந்து ஒன்று வாங்கினோம். இடது கைக்குக் காலுறை மாட்டி வலது கையை வேலை வாங்குவது பற்றியும் சொன்னார்கள், ஆனால் அவர்கள் சொல்லித்தரும் வரை நாங்களாகச் செய்யக் கூடாதாம். இணையத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பிளேன்டீ, உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.


பிளேன்டீ, 11.32

ஒன்றும் எழுத வேண்டாம். பந்து பாரம் குறைந்ததா? காற்றை முழுக்க அடைக்காமல் கொஞ்சம் மெத்தென்று விடுங்கள், விரல் பிடிக்க இடம் கிடைக்கும்.


கடலைவண்டி, 11.40

தங்கச்சி, அன்றைக்கு நித்திரை கொள்ளுங்கோ என்று எழுதியவன் நான். மன்னியுங்கோ.


மூன்றாம்மாடி, 11.46

அண்ணா, அன்று இரவு நான் நித்திரை கொண்டது உங்கள் பதிவை வாசித்துவிட்டுத்தான். அதற்குப் பிறகு ஒரு கிழமை நித்திரை இல்லை, அதனால் அந்த ஒரு இரவுக்கு நன்றி.


புதுஅப்பா, திங்கள் காலை 6.20

இங்கேயும் ஒரு வரி. காதுப் பரிசோதனை செய்தோம். இரண்டு காதிலும் சளி நீர் தேங்கி இருக்கிறதாம். மருந்து, பிறகு ஆறு கிழமையில் திரும்பப் பரிசோதனை. டீவி நின்றுவிட்டது. அக்காவுக்குத்தான் பொழுது போகவில்லை.


மூன்றாம்மாடி, இன்னும் பத்து நாள் கழித்து, சனி மாலை 5.15

கீழே ஒரு பல் முளைத்துவிட்டது! மாமி இரவு ரயிலில் வந்துவிட்டார், இன்றைக்குப் பல்லுக்கொழுக்கட்டை. தேங்காய்ச் சொட்டைப் பல்லாக வைத்துக் கொழுக்கட்டை அவித்து, மகனை வெள்ளை விரிப்பில் இருத்தி, தலையில் கொட்டினோம். ஒன்று காதில் பட்டு ஒரே அழுகை. பிறகு சரி.

எதை எடுக்கிறார் என்று பார்க்க முன்னால் தட்டு வைத்தோம், கொப்பி, பேனை, காப்பு, சீப்பு எல்லாம். மாமி தட்டை நேரே நடுவில் வைத்தார். இவர் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து வலப்பக்கம் வைத்தார். மாமிக்கு முகம் மாறிவிட்டது, சடங்கில் கை வைக்கிறான் என்று. அவருக்கு இன்னும் முழுக்கச் சொல்லவில்லை, பிசியோ என்று மட்டும்தான் தெரியும்.

மகன் வழமைபோலத் திரும்பி இடது கையால் ஒரு கொழுக்கட்டையைப் பிடித்தார். அது இடது கையில் இருக்க, வலது கை எழும்பியது. தானாக. மேலே போய்த் தட்டின் விளிம்பில் இறங்கியது. மூன்று விரல் விரிந்தது, ஒன்றையும் எடுக்கவில்லை, சீப்பின் மேல் கிடந்தது.

மாமி கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து, தட்டை இன்னும் கொஞ்சம் கிட்ட அரக்கிவிட்டார்.

வியாழன் பிசியோவுக்குத் தானும் வரப்போகிறாராம். ஆறு மணிக்கு ஓட்டோ சொல்லியிருக்கிறோம்.